குதிக்காலில் ஒரு கறுப்பு: ரி.ஐ.எல். சிகிச்சையைத் தேடிய ஒரு திருகோணமலைக் குடும்பம்

எழுதும் முன்

நான் திருகோணமலை நகரில் குடும்ப மருத்துவராக வேலை செய்கிறேன். புற்றுநோய் நிபுணன் அல்ல. இந்த ஆய்வில் வருபவருக்குப் பத்து வருடமாகப் பிரஷருக்கும் சீனிக்கும் மருந்து எழுதிக் கொடுத்தவன். தோல் புற்றுநோய் பரவிய பிறகு நிபுணர்கள் சொன்னதை அந்த வீட்டுக்கு விளங்கப்படுத்தியதும், ரி.ஐ.எல். சிகிச்சைக்காக, அதாவது நோயாளியின் கட்டிக்குள் இருக்கும் நோய் எதிர்ப்புக் கலங்களை வளர்த்து அவருக்கே திரும்ப ஏற்றும் சிகிச்சைக்காக, வெளிநாட்டு மையங்களுக்குக் கடிதம் எழுதியதும் நான்தான். உயிரோடிருக்கும்போதே இதை எழுத அவர் சம்மதம் தந்தார். மனைவியும் மகளும் வாசித்துப் பார்த்துவிட்டார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோய் போன போக்கையும் எடுத்த முடிவுகளையும் மாற்றவில்லை.

பின்னணி

அவருக்கு அப்போது 56 வயது. அவரை அண்ணன் என்றும் மனைவியை அக்கா என்றும்தான் நான் கூப்பிடுவேன். நகரத்துக்கு வடக்கே கடற்கரையோரம் வீடு. ஒரு பைபர் படகும் இயந்திரமும் சொந்தமாக இருந்தன. கரைவலைக் காலத்தில் கரைவலைக்கும் போவார். சிறு வயதிலிருந்தே வெறுங்காலோடு மணலில் நடந்த ஆள். மகள் கனடாவில், டொரொன்டோவில் இருக்கிறா. மகன் அப்பாவோடு தொழிலுக்குப் போனவன்.

2021 கடைசியில் இடது குதிக்காலில் ஒரு கறுப்புப் புள்ளி இருப்பதை மனைவி கண்டிருக்கிறா. சிப்பி குத்தியதென்று அவர் சொல்லிவிட்டார். பிறகு அது கால் ஆணி என்று ஆனது. பாமசியில் ஆணிப் பிளாஸ்டர் வாங்கி ஒட்டினார், பிளேட்டால் சீவினார். 2022 நடுப்பகுதியில் அது கசியத் தொடங்கியதும் ஓரிடத்தில் காட்டியிருக்கிறார். சீனிப் புண் என்று சொல்லி வாரக்கணக்கில் மருந்து கட்டினார்கள்.

அந்த வருடத்தை இங்கே உள்ளவர்கள் யாரும் மறக்கமாட்டோம். எரிபொருள் இல்லை, பஸ் இல்லை, மருந்துக்கும் தட்டுப்பாடு. படகுக்கு மண்ணெண்ணெய் தேடி நாள் முழுக்க வரிசை. ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. தொழில் படுத்திருக்கும்போது குதிக்காலில் ஒரு புண்ணை யார் பெரிதாக எடுப்பார்கள்?

ஆனால் என் பதிவுக் கொப்பியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 2022 ஜூலையில் அவர் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சீனி பார்த்தேன், பிரஷர் பார்த்தேன், மருந்து எழுதினேன். காலைப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. நீரிழிவுக்காரரின் பாதத்தைப் பார்ப்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. அன்று நான் பார்க்கவில்லை.

செருப்பைக் கழற்றிய நாள்

2022 நவம்பரில் மருந்துக்கு வந்தபோது நொண்டிக்கொண்டு வந்தார். "இவர் காலைக் காட்டமாட்டாராம் டொக்டர், நீங்களே பாருங்க" என்று மனைவி சொன்னா. செருப்பைக் கழற்றினார். ஒரு பெரிய நாணயம் அளவு கறுப்பு. ஓரம் சீராக இல்லை. ஒரு பக்கம் மண்ணிறமாகக் கரைந்து போயிருந்தது. நடுவில் தோல் போய் ஈரமாக இருந்தது. தொடை இடுக்கைத் தொட்டுப் பார்த்தேன். நெறி கட்டியிருந்தது, கெட்டியாக.

எங்கள் நிறமுள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோய் வராது என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டும் இருப்பதல்ல. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் வெயிலால் வரும் வகை எங்களிடம் குறைவுதான். ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வரும் வகைக்கு வெயிலோடு சம்பந்தம் இல்லை. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் இந்த வகைதான் வரும். பாடகர் பொப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்ததும் இதுவே. 1981 இல் 36 வயதில் இறந்தார். பொடியன்களுக்கு விளங்கவேண்டும் என்றால் நான் அந்தப் பெயரைத்தான் சொல்வேன்.

தோல் கிளினிக்கில் கருவி வைத்துப் பார்த்த நிபுணர் பாதத்தின் ரேகைகளைக் காட்டினார். சாதாரண மச்சத்தில் நிறம் ரேகையின் பள்ளத்தில் ஓடும். இவருக்கு மேட்டில் ஓடியது. பயொப்சி அதை உறுதிப்படுத்தியது: பாத மெலனோமா, ஆழம் 4.2 மில்லிமீற்றர், மேல்தோல் புண்ணாகியிருந்தது.

சத்திரசிகிச்சை

2023 ஜனவரியில் கொழும்பில் சத்திரசிகிச்சை நடந்தது. சுற்றிலும் இரண்டு சென்ரிமீற்றர் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுத்தார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்துக் குதிக்காலில் ஒட்டினார்கள். இடுக்கிலிருந்து எடுத்த நிணநீர்க் கணுக்களில் இரண்டில் நோய் இருந்தது. மூன்றாம் நிலை.

வசதியுள்ள நாடுகளில் இந்தக் கட்டத்திலேயே ஒரு வருடத்துக்கு, உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து கொடுப்பார்கள். இந்தக் குடும்பத்தால் அது முடியவில்லை. கிளினிக் கொப்பியோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் வந்தார். ஜூனில் மெதுவாகக் கரைக்குப் போகத் தொடங்கினார். வலை இழுக்கவில்லை, உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்.

மருந்து கேட்காத நோய்

2023 ஓகஸ்டில் இடுக்குத் தழும்புக்குப் பக்கத்தில் ஒரு கட்டி, 2.6 சென்ரிமீற்றர். சி.ரி. ஸ்கானில் நுரையீரலில் நான்கு புள்ளிகள். நான்காம் நிலை. பயொப்சித் துண்டில், மருந்தால் குறிவைக்கக்கூடிய பி.ராஃப் என்ற மரபணு மாற்றத்தைத் தேடினார்கள். இல்லை என்று வந்தது. அந்த ஒரு பரிசோதனைதான் கேட்கப்பட்டது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மீதமிருந்த நல்ல வழி, கீட்ரூடா என்ற பெயரில் விற்கப்படும் பெம்ப்ரோலிசுமாப். நோயோடு போராடும் ஒருவகை வெள்ளைக் கலங்கள் ரி கலங்கள். புற்றுநோய்க் கலங்கள் அவற்றின் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கும். இந்த மருந்து அந்தப் பிரேக்கை விடுவிக்கும். 2014 இல் மெலனோமாவுக்கு வந்தது. இந்தக் கண்டுபிடிப்பின் அடிப்படைக்காக ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொஞ்ஜோ இருவருக்கும் 2018 இல் நோபல் பரிசு கிடைத்தது. பாதத்தில் வரும் வகைக்கு இதன் பலன் மற்ற வகைகளை விடக் குறைவு என்பதை நிபுணர் முதலே சொல்லிவிட்டார். படகும் இயந்திரமும் விற்கப்பட்டன. மிச்சத்தை மகள் அனுப்பினா. செப்டெம்பரிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு தடவை ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் இரவு பஸ்ஸில் கொழும்பு, அடுத்த இரவு திரும்பி வருவது.

டிசம்பர் ஸ்கானில் இடுக்குக் கட்டி 3.4 சென்ரிமீற்றர், நுரையீரலில் புதிதாக மூன்று. இந்த மருந்தில் சிலவேளை நோய் எதிர்ப்புக் கலங்கள் கட்டிக்குள் திரண்டு, சுருங்கப் போகும் கட்டியே முதலில் வீங்கிக் காட்டும். அதனால் நிபுணர் அவசரப்படாமல் ஐந்து வாரம் கழித்து மீண்டும் எடுத்தார். 2024 ஜனவரியில் சந்தேகமே இல்லை, வளர்கிறது. டகாபசின் என்ற பழைய மருந்து தரலாம், பலன் குறைவு என்றார். அண்ணன் யோசிக்க நேரம் கேட்டார்.

பெப்ரவரி 17, 2024

காலை ஐந்து மணிக்கு மகள் டொரொன்டோவிலிருந்து அழைத்தா. "டொக்டர் அங்கிள், அமெரிக்காவில ஒரு செல் தெரபிக்கு அனுமதி குடுத்திருக்கிறாங்க. மெலனோமாவுக்குத்தான். கீட்ரூடா கேட்காத ஆக்களுக்குத்தான். அப்பாவுக்குச் சரியா அதுதானே?"

சரியாக அதுதான். 2024 பெப்ரவரி 16 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் லைஃபிலூசெல் என்ற ரி.ஐ.எல். சிகிச்சைக்குத் துரித அனுமதி வழங்கியிருந்தது. இரத்தப் புற்றுநோய்களுக்குக் கலச் சிகிச்சைகள் முன்பே வந்துவிட்டன. கட்டியாக வளரும் ஒரு புற்றுநோய்க்கு இப்படி ரி கலங்களைக் கொண்ட சிகிச்சை அங்கே அனுமதி பெற்றது அதுவே முதல் தடவை. மகளிடம் "ஒரு வாரம் தா பிள்ளை, வாசித்துவிட்டுப் பேசுகிறேன்" என்றேன். தெரியாத விஷயத்துக்கு அந்த நிமிடமே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் விட்டது சரியான முடிவென்றே இன்றும் நினைக்கிறேன்.

அவர் வீட்டு முற்றத்தில் விளங்கப்படுத்தியது

ஒரு வாரம் கழித்து, பின்னேரம், முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தோம். அண்ணன், அக்கா, மகன், தொலைபேசியில் மகள். நான் சொன்னதைக் கிட்டத்தட்ட அப்படியே தருகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு இன்னும் பல குடும்பங்கள் வரும்.

புற்றுக் கட்டிக்குள் புற்றுக் கலங்கள் மட்டும் இருப்பதில்லை. அதை எதிரியென்று அடையாளம் கண்டு உள்ளே புகுந்த ரி கலங்களும் இருக்கும். எண்ணிக்கை போதாமலோ, களைத்துப்போயோ, கட்டியால் அடக்கப்பட்டோ கிடக்கும். ஒரு கட்டியை வெட்டி எடுத்து, அதற்குள் இருக்கும் அந்த ரி கலங்களை ஆய்வுகூடத்தில் கோடிக்கணக்கில் பெருக்கி, திரும்ப அதே ஆளுக்கு ஏற்றுவதுதான் ரி.ஐ.எல். சிகிச்சை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பேர்க் குழுவினர் மெலனோமா நோயாளிகளுக்கு இதைக் கொடுத்த முதல் முடிவுகளை 1988 இலேயே வெளியிட்டுவிட்டார்கள். அனுமதி வர 36 வருடம் எடுத்தது.

அண்ணன் கொஞ்சநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "இறால் குஞ்சு வளர்த்துக் களப்பில விடுற மாதிரியோ தம்பி?" அதே மாதிரித்தான் என்றேன். அடுத்த கேள்வியும் அவரிடமிருந்தே வந்தது. "விடுறதுக்கு முதல், களப்பில கிடக்கிற மற்றதுகளைப் பிடிச்சு எடுக்கவேணுமே. இல்லாட்டி குஞ்சுக்குத் தீனி எங்க?"

நான் அதற்கு எப்படி வருவதென்று யோசித்துக்கொண்டிருந்தேன், அவரே வந்துவிட்டார். வளர்த்த கலங்களை ஏற்றும் முன் கிட்டத்தட்ட ஒரு வாரம் கடும் கீமோதெரபி கொடுப்பார்கள். சைக்கிளோபொஸ்பமைட்டும் புளூடரபீனும். கட்டியைக் கொல்வது அதன் நோக்கமல்ல. உடம்பில் ஏற்கெனவே உள்ள வெள்ளைக் கலங்களைத் துடைத்தெடுத்து, புதியவற்றுக்கு இடமும் ஊட்டமும் உண்டாக்குவது. இந்தப் படியைச் சேர்த்த பிறகுதான், 2002 ஆம் ஆண்டளவில், முடிவுகள் தெளிவாக முன்னேறின. கலங்களை ஏற்றிய பின் இன்ரலூக்கின்-2 என்ற ஊக்கியை ஆறு தடவை வரை கொடுப்பார்கள். அது குருதிக் குழாய்களிலிருந்து நீரைக் கசியவைக்கும். பிரஷர் விழும், சிறுநீர் குறையும், மூச்சு முட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. சிகிச்சையால் மரணமே நேரலாம் என்று மருந்தின் தகவல் தாளிலேயே கட்டம் போட்டு எச்சரித்திருக்கிறார்கள். இதையும் மறைக்காமல் சொன்னேன்.

பலன் எவ்வளவு? அனுமதிக்குக் காரணமான ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் பலிக்காத 153 பேரில் 31.4 சதவீதத்தினருக்குக் கட்டிகள் குறிப்பிடத்தக்க அளவு சுருங்கின. அப்படிச் சுருங்கியவர்களில் ஐந்தில் இரண்டு பங்கினருக்கு அந்தப் பலன் 18 மாதத்துக்கு மேல் நின்றது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 13.9 மாதம். நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் 168 பேரை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 2022 டிசம்பரில் வெளிவந்தது: ரி.ஐ.எல். பெற்றவர்களுக்கு நோய் வளராமல் நின்ற இடைநிலைக் காலம் 7.2 மாதம், இபிலிமுமாப் என்ற, நோய் எதிர்ப்பின் பிரேக்கை விடுவிக்கும் இன்னொரு மருந்து பெற்றவர்களுக்கு 3.1 மாதம். ஆனால் ரி.ஐ.எல். பக்கத்தில் கடுமையான பக்கவிளைவு இல்லாமல் தப்பியவர் ஒருவரும் இல்லை. இரண்டு ஆய்விலும் பாத மெலனோமாக்காரர் மிகச் சிலரே.

விலையையும் சொன்னேன். கலங்களுக்கு மட்டும் 5,15,000 டொலர். முற்றத்தில் யாரும் பேசவில்லை. அக்கா எழும்பித் தேநீர் போடப் போயிட்டா.

மகள் ஒரு கேள்வி கேட்டா. கொழும்பில் முதலில் வெட்டி எடுத்த துண்டு இன்னும் இருக்குமே, அதிலிருந்து கலங்களை வளர்க்க முடியாதா? நியாயமான கேள்வி. அந்தத் துண்டு மருந்தில் ஊறி மெழுகில் பதித்தது. நோயைப் பரிசோதிக்கலாம், உயிருள்ள கலம் ஒன்றும் அதில் இராது. ரி.ஐ.எல்.க்கு உடம்பிலிருந்து புதிதாக எடுத்த, குறைந்தது ஒன்றரை சென்ரிமீற்றர் கட்டி வேண்டும். குளிரில் வைத்து உடனே ஆய்வுகூடம் போகவேண்டும். திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும். திரும்பி வருவது 750 கோடிக்குக் குறையாத கலங்கள்.

ஆய்வுக்குள் நுழைய முயன்றது

விலை கொடுத்து வாங்க வழியில்லை. ஆய்வு ஒன்றில் சேர்ந்தால் கலங்களுக்குப் பணம் கேட்கமாட்டார்கள். மார்ச்சில் மூன்று நாடுகளிலுள்ள ஐந்து மையங்களுக்கு எழுதினேன். இரண்டிலிருந்து பதில் இல்லை. இரண்டு, தங்கள் நாட்டுச் சுகாதாரக் காப்புறுதி உள்ளவர்களை மட்டும் சேர்ப்பதாக எழுதின. ஐரோப்பாவிலுள்ள ஒரு மையம் கதவை மூடவில்லை. தங்குமிடம், பயணம், சிக்கல் வந்தால் வைத்தியசாலைச் செலவு எல்லாம் உங்கள் பொறுப்பு. முதலில் இவற்றை அனுப்புங்கள் என்று ஒரு பட்டியல் தந்தது: புதிய ஸ்கான், மூளை எம்.ஆர்.ஐ., இருதயச் சோதனை, குருதியில் எல்.டி.எச். என்ற நொதியின் அளவு, எழுந்து நடமாடும் திறன், மரபணுப் பரிசோதனை முழுவதும்.

ஏப்ரலில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளை சுத்தமாக இருந்தது. இருதயம் சரி. அவர் இன்னும் சந்திக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வரும் நிலையில் இருந்தார். நிறை மட்டும் ஐந்து கிலோ குறைந்திருந்தது.

பட்டியலின் கடைசி வரியால்தான் கிட் என்ற மரபணுவின் ஞாபகம் வந்தது. பாத மெலனோமாவில் பத்தில் ஒருவருக்கு, இருவருக்கு அந்த மாற்றம் இருக்கும். நிபுணரிடம் கேட்டேன், உடனே மெழுகுத் துண்டை அனுப்ப ஏற்பாடு செய்தார்.

இடையில் வந்த இன்னொரு அழைப்பு

அதே ஏப்ரலில் ஒரு உறவினர் வழியாக வேறொரு நாட்டுத் தனியார் நிலையம் ஒன்று தொடர்பு கொண்டது. கைக் குருதியை எடுத்து, "எதிர்ப்புக் கலங்களை" வளர்த்து, ஆறு தடவை ஏற்றுவார்களாம். கட்டி தேவையில்லை. கீமோ தேவையில்லை. வாட்டில் படுக்கவும் தேவையில்லை. வீட்டுக் காணியை ஈடு வைத்தால் வரும் தொகை கேட்டார்கள். முன்பணம் ஒரு வாரத்துக்குள். மகன் காணி உறுதியை எடுத்துக்கொண்டு நொத்தாரிசிடம் போகத் தயாராகிவிட்டான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் மாதக்கணக்கில் பட்டியலும் படிவமும் காட்டிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் திகதி கொடுக்கிறார்கள். ஆனாலும் ஒரு நாள் பொறுக்கச் சொல்லி, அவன் பெயரிலேயே நான்கு கேள்வி எழுதி அனுப்பினோம். மெலனோமாவுக்கு இதைக் கொடுத்த எத்தனை பேரின் முடிவு மருத்துவ இதழில் வந்திருக்கிறது? உங்கள் நாட்டு மருந்து அதிகாரசபை எந்த நோய்க்கு அனுமதித்தது? ஆய்வென்றால் பதிவு எண் என்ன? ஆய்வென்றால் ஏன் பணம்?

பதிலாக நான்கு காணொளிகள் வந்தன. எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டிருக்கும் நோயாளிகள். பதிவு எண் வரவில்லை. அண்ணன் அவற்றைப் பார்த்துவிட்டு, "மீன் காட்டாம விலை பேசுறான்" என்றார். உறுதி பெட்டிக்குள் திரும்பப் போனது.

இன்னொரு குழப்பமும் வந்தது. இந்தியாவில் செல் தெரபி மலிவாக வந்துவிட்டது என்று பேப்பரில் பார்த்தோமே என்று பலர் சொன்னார்கள். வந்தது உண்மை. மும்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்-19 க்கு 2023 ஒக்டோபரில் அனுமதி கிடைத்தது. அது சில வகை இரத்தப் புற்றுநோய்களுக்கு. பி கலங்களின் மேலுள்ள ஓர் அடையாளத்தை மட்டும் தேடிப் போகும்படி மாற்றிய ரி கலங்கள் அவை; மெலனோமாவில் அந்த அடையாளமே இல்லை. பெயர் ஒன்று, நோய் வேறு.

மே மாத முடிவு

மே நடுவில் கிட் முடிவு வந்தது. மாற்றம் இருக்கிறது, பதினோராம் பகுதியில். அப்படியானவர்களுக்கு இமட்டினிப் என்ற மாத்திரை வேலை செய்யலாம். ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு வருடக்கணக்கில் பயன்படும், எங்கள் நாட்டிலேயே கிடைக்கும் மாத்திரை. கிட் மாற்றமுள்ள மெலனோமாவில் நான்கைந்து பேரில் ஒருவருக்குக் கட்டி சுருங்கும். பெரும்பாலும் சில மாதங்களே நிற்கும்.

இங்கேதான் உண்மையான சிக்கல். இமட்டினிப் கொடுத்துக் கட்டி சுருங்கினால், வெட்டி எடுத்துக் கலம் வளர்க்க அளவான கட்டி இராமல் போகலாம். சுருங்கிக்கொண்டிருக்கும் நோயாளியை ஆய்வில் சேர்க்கவும் மாட்டார்கள். கொடுக்காமல் ஆய்வுக்குக் காத்திருந்தால், இடம் கிடைக்கும் என்று உறுதியில்லை. விசா இருக்கிறது, பணம் இருக்கிறது, நிறை குறைந்துகொண்டிருக்கிறது.

நிபுணர், நான், குடும்பம் சேர்ந்து பேசினோம். நிபுணரின் கருத்து, கையிலுள்ளதை முதலில் பயன்படுத்துவது. எனக்கும் அதுவே சரியென்று பட்டது: மாத்திரை பலிக்காவிட்டால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தெரிந்துவிடும், அப்போதும் ஐரோப்பியக் கதவைத் தட்டலாம். மகளுக்கு மனமில்லை; மருந்துகளை ஒவ்வொன்றாகச் செலவழித்தபடி நேரத்தை இழக்கிறோம் என்றா. அவவின் பயம் பிழையென்று என்னால் சொல்ல முடியவில்லை.

முடிவை அண்ணன் எடுத்தார். "பிளேன் ஏறி, தெரியாத பாஷை பேசுற வாட்டில கிடந்து சாகிறதுக்கும் ஒரு சான்ஸ் இருக்கு எண்டு தம்பி சொன்னது. இந்தக் குளிசையால ரெண்டு மாசம் வலை கட்டலாம் எண்டா, முதல்ல அது." மகள் அழுதுவிட்டு, சரி என்றா. ஐரோப்பிய மையத்துக்கு நிலைமையை எழுதினேன். நோய் மீண்டும் வளர்ந்தால் புதிய எம்.ஆர்.ஐ.யோடு எழுதுங்கள் என்று பதில் போட்டார்கள்.

நல்ல மாதங்கள்

ஜூன் தொடக்கத்தில் இமட்டினிப் 400 மில்லிகிராம் தொடங்கியது. கண்ணைச் சுற்றி வீக்கம், கொஞ்சம் ஓங்காளம். ஆறாவது வாரத்தில் இடுக்குக் கட்டியைத் தொட்டபோது என் விரலை நானே நம்பவில்லை. ஓகஸ்ட் ஸ்கானில் அது 1.1 சென்ரிமீற்றர். நுரையீரல் புள்ளிகளும் சுருங்கியிருந்தன. நிறை மூன்று கிலோ கூடியது. செப்டெம்பரில் அவர் மகனோடு கரையில் வலை பொத்திக்கொண்டிருந்ததை நான் கண்டேன். காலைத் தூக்கிக் காட்டினார், சப்பாத்து போட்டிருக்கிறேன் என்பதற்கு.

ஓகஸ்டில் சி.ரி. எடுத்தபோது மூளை எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை. தலையிடி இல்லை, செலவு அதிகம், நெஞ்சு நன்றாக இருக்கிறது. இந்த மூன்று காரணத்தையும் சொன்னது நான்.

கதவு மூடியது

நவம்பர் தொடக்கத்தில் நுரையீரலில் இரண்டு புள்ளிகள் திரும்ப வளர்ந்தன. இடுக்குக் கட்டி 1.8 சென்ரிமீற்றர், ரி.ஐ.எல்.க்குப் போதுமான அளவு. அன்றே மையத்துக்கு எழுதினேன். பரிசீலிக்கிறோம், எம்.ஆர்.ஐ. அனுப்புங்கள் என்றார்கள். மாதக் கடைசியில் கிழக்கு முழுக்க வெள்ளம். கொழும்புப் பயணம் பத்து நாள் தள்ளிப்போனது. டிசம்பர் முதல் வாரத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்தார்.

மூளையில் மூன்று இடத்தில் நோய். ஒன்றைச் சுற்றி வீக்கம். சிகிச்சை பெறாத மூளைப் பரவல் உள்ளவரை அந்த ஆய்வில் சேர்க்க முடியாது. மூளைக்குச் சிகிச்சை கொடுத்து நிலைப்படுத்திய பிறகு மீண்டும் எழுதலாம் என்றார்கள். மரியாதையான, தெளிவான கடிதம். கதிர் சிகிச்சை கொடுத்தோம், வீக்கத்தைக் குறைக்க டெக்சாமெதசோன் கொடுத்தோம். அந்த மருந்தே ரி கலங்களை அடக்கும். அதை நிறுத்தாமல் கலச் சிகிச்சையைப் பற்றிப் பேச இடமில்லை. நிறுத்தவும் முடியவில்லை.

2025 ஜனவரியில் அண்ணனிடம் நேராகச் சொன்னேன். அவருக்கு முதலே தெரியும். வீட்டிலேயே இருக்க விரும்பினார். மோர்பின் பாணியை எப்படிக் கொடுப்பதென்று அக்காவுக்கும் மகனுக்கும் காட்டிக்கொடுத்தேன். மகள் வந்து ஐந்து வாரம் நின்றா. பெப்ரவரியில், விடியற்காலையில், வலியில்லாமல் போனார். முதன்முதல் புள்ளியைக் கண்டதிலிருந்து மூன்று வருடமும் சில மாதமும்.

மறுபடி நடந்தால் என்ன செய்வேன்

முதலாவது பாதம். 2022 ஜூலையில் செருப்பைக் கழற்றச் சொல்லியிருந்தால் நோய் அப்போதும் இருந்திருக்கும். ஆழம் குறைவாக, ஒருவேளை நெறி கட்டும் முன்னால். இதற்கு ரி.ஐ.எல். வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். இப்போது என்னிடம் வரும் சீனிக்காரர் எல்லோரும் இரண்டு செருப்பையும் கழற்றித்தான் உட்காருகிறார்கள். ஆறாத புண், சீவச் சீவ வளரும் ஆணி, நிறம் மாறும் புள்ளி, எதுவாக இருந்தாலும் நான்கு வாரத்துக்கு மேல் மருந்து கட்டமாட்டேன், பயொப்சிக்கு அனுப்பிவிடுவேன்.

இரண்டாவது, கிட் பரிசோதனையைப் பி.ராஃபோடு சேர்த்து 2023 ஓகஸ்டிலேயே கேட்டிருக்கவேண்டும். அதே மெழுகுத் துண்டு ஒன்பது மாதம் அலுமாரியில் சும்மா இருந்தது. முன்பே தெரிந்திருந்தால் எந்த மருந்து முதலில், எது பிறகு என்று ஆற அமர யோசித்திருக்கலாம். படகை விற்றிருக்கவேண்டியதில்லை என்று நான் சொல்லவில்லை. பெம்ப்ரோலிசுமாப் முயன்று பார்த்தது பிழையல்ல.

மூன்றாவது, கலச் சிகிச்சையை நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மூளையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும், நெஞ்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும். ஓகஸ்டில் பார்த்திருந்தால் ஒன்றுமே இருந்திராது, அல்லது குறிபார்த்துக் கதிர் கொடுக்கக்கூடிய ஒரு சிறு புள்ளி இருந்திருக்கும். அது எது என்பது எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அந்த மூன்று காரணங்களை இனி இன்னொரு வீட்டில் சொல்லமாட்டேன்.

மாத்திரையை முதலில் கொடுத்த முடிவை மாற்றமாட்டேன். மகளிடமும் இதைச் சொன்னேன். அவ இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஐந்து மாதத்தை அப்பா எப்படிக் கழித்தார் என்று தன் தம்பியிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைக்கிறா.

கடைசியாக ஒன்று. வலி நிவாரணப் பேச்சை நான் கதவு மூடிய பிறகுதான் தொடங்கினேன். பெப்ரவரி 2024 முற்றத்திலேயே, ரி.ஐ.எல். பேசிய அன்றே, அதையும் பேசியிருக்கலாம். அண்ணன் தாங்கியிருப்பார். இறால் குஞ்சைப் பற்றிக் கேட்டவர் அதையும் தானாகவே கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.